போர்க்கருவியின் மறுபிறவி

போர் முடிகிறது, உடன்படிக்கைகள் கையெழுத்தாகின்றன, உயிர் தப்பிய வீரர்கள் வீடு திரும்புகின்றனர். அவர்கள் சுமந்து திரிந்த துப்பாக்கிகள் எங்கே செல்கின்றன? தளபதிகளின் பெயரையும் எல்லைக் கோடுகளின் மாற்றத்தையும் விரிவாக எழுதும் வரலாற்று நூல்கள் இவ்வினாவை எழுப்புவது அரிது. சில துப்பாக்கிகள் உலையில் உருக்கப்படுகின்றன. சில, கெட்டியான கொழுப்பெண்ணெய் பூசப்பட்டு மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டுக் கிடங்குகளில் உறங்குகின்றன. வேறு சில, ஏதோ ஓர் ஏழை நாட்டின் அடுத்த போருக்கு விலையாகின்றன. ஆயினும் இவற்றுள் ஒரு பகுதி, குடிமக்கள் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடந்தரும் நாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், கம்மியரின் பட்டறையை அடைந்து வேட்டைத் துப்பாக்கியாக மறுபிறவி எடுத்தது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் பெருங்குற்றம். எனவே இத்தொழில் இங்குள்ளோர்க்குக் கேள்வியறிவாக மட்டுமே அமையும். அவ்வாறு அமைவதில் இழப்பு ஒன்றும் இல்லை. எதை நீக்குவது, எதைத் தொடாமல் விடுவது என்று ஒவ்வொரு நொடியும் முடிவு செய்ய வேண்டிய தொழில் இது. முடிவு பிழையானால் ஒருவனுடைய கண் போகும், உயிரும் போகலாம். கைத்தொழிலின் உள்ளத்தை அறிய விரும்புவோர்க்கு இதைவிடத் தெளிவான உரைகல் கிடைப்பது கடினம்.

துப்பாக்கியின் உயிர்நிலை அதன் குழலில் இருப்பதாகப் பலரும் எண்ணுவர். உண்மையில் அது குழலுக்குப் பின்னால் உள்ள இயக்கப் பகுதியில் இருக்கிறது. எஃகினால் ஆன ஒரு கூடு; அதனுள் முன்னும் பின்னும் நகரும் ஒரு தாழ். கதவைச் சாத்தித் தாழிடுவதுபோல, தோட்டாவை உள்ளே தள்ளித் தாழைத் திருப்பினால் அதன் முனையிலுள்ள இரண்டு முளைகளும் கூட்டிலுள்ள பள்ளங்களில் சென்று பூட்டிக்கொள்ளும். வெடிக்கும் கணத்தில் ஒரு சதுர அங்குலத்துக்கு 50,000 இராத்தலுக்கும் மேற்பட்ட அழுத்தம் பின்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்கி நிற்பவை அவ்விரு முளைகளே. சுடுபவனின் முகம் அவற்றுக்குச் சில அங்குலத் தொலைவில் இருக்கிறது.

இத்தாழமைப்பைச் செம்மைப்படுத்தியவர் ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டார்ஃப் என்னும் ஊரில் 1838இல் பிறந்த பால் மௌசர். அவருடைய வடிவமைப்பை ஜெர்மன் படை 1898ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. முன்முளைகள் இரண்டும் தவறினால் தாங்குவதற்கென்று மூன்றாவது முளை ஒன்று. பித்தளைக் கூடு கிழிந்தால் வெளிப்படும் தீவளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடத் தாழில் துளைகள். தோட்டாவின் விளிம்பைத் தொடக்கம் முதலே கவ்விப் பிடித்துக்கொள்ளும் அகன்ற கொக்கி. சேற்றிலும் பனியிலும் அச்சத்தால் கை நடுங்கும் வேளையிலும் பிழையாமல் இயங்க வேண்டும் என்பதற்காகப் படைவீரனுக்கென எண்ணிச் செய்தவை இவை. சுடுபவனின் முகத்தைக் காக்க இத்துணை பாடுபட்ட அம்மனிதரே, 1901இல் தாம் உருவாக்கிவந்த தானியங்கித் துப்பாக்கி ஒன்றைச் சோதிக்கையில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணை இழந்தார்.

அமெரிக்கப் படையின் 1903ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி மௌசரின் வடிவத்தைப் பெரிதும் தழுவியது. அதற்காக அமெரிக்க அரசு மௌசர் நிறுவனத்துக்கு உரிமைத்தொகையாக 200,000 டாலர் செலுத்த இசைந்தது. அத்துப்பாக்கியை வேட்டைக்கு ஏற்ப மாற்றும் வழக்கத்துக்குப் பெருமை சேர்த்தவர் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூசவெல்ட். அரசுப் படைக்கலச் சாலையிலேயே தமக்கென்று வேட்டைக்குரிய மரப்பிடியுடன் ஒன்றைச் செய்வித்துக்கொண்ட அவர், பதவிக்காலம் முடிந்தபின் 1909இல் அதனை ஆப்பிரிக்காவுக்கும் எடுத்துச் சென்றார். அப்பயணம் பற்றி அவர் எழுதிய நூலைப் படித்து ஆர்வம் மிகுந்தவருள் ஒருவர் நியூயார்க் நகரின் மரவேலைக் கலைஞர் சீமூர் கிரிஃபின். பேழையும் நாற்காலியும் செய்த அந்தக் கை, ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியை வாங்கி அதற்குப் புதிய மரப்பிடி செதுக்கத் தொடங்கியது. 1923இல் ஜேம்ஸ் ஹோவ் என்னும் உலோக வேலைக் கலைஞருடன் சேர்ந்து அவர் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹோவ் நிறுவனத்தில் பின்னாளில் எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வேயும் ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு வேட்டைத் துப்பாக்கியைச் செய்வித்துக்கொண்டார். தச்சரும் கொல்லரும் சேர்ந்தாலன்றி இத்தொழில் நிறைவெய்தாது என்பதை அந்நிறுவனத்தின் பெயரே சொல்கிறது.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் செல்வரின் பொழுதுபோக்காக இருந்த இது எளியோர் கைக்கும் வந்தது. ஐரோப்பாவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் பழைய படைத்துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவில் வந்திறங்கின. ஊர்திரும்பிய வீரர்கள் கைப்பற்றிக் கொணர்ந்தவையும் பல. புதிய வேட்டைத் துப்பாக்கி வாங்க இயலாத தொழிலாளி, பழைய மௌசர் ஒன்றை மலிவாக வாங்கி, வீட்டின் பின்கட்டில் அரமும் உளியும் கொண்டு மாற்றியமைத்தான். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரின் பார்க்கர் ஹேல் நிறுவனம் பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளை வேட்டைக்கு ஏற்ப மாற்றி விற்றது. அந்த லீ என்ஃபீல்டு மலாயாவுக்கு அயலானதன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், ‘காட்டுத் துப்பாக்கி’ எனப்பட்ட அதன் குட்டை வடிவத்தைச் சுமந்த வீரர்கள் இந்நாட்டுக் காடுகளில் நடமாடினர். அதே குட்டை வடிவத்தைப் பார்த்துச் செய்தாற்போல, கலிபோர்னியாவில் நெட்டைத் துப்பாக்கிகளின் குழலை வெட்டி விற்றனர். இங்கே தோட்டங்களில் அச்சத்தை ஊட்டிய ஒரு வடிவம் அங்கே வேட்டைக்காரரைக் கவரும் சரக்காக விலை போயிற்று.

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் படைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. அஞ்சல்வழி விற்பனையையும் நிறுத்தியது. பல ஆண்டுகளுக்குப்பின் அத்தடை தளர்ந்தபோதிலும் பழைய வெள்ளப்பெருக்கு திரும்பவில்லை.

இனிப் பட்டறைக்குள் நுழைவோம். ஒருவர் தம் தந்தை போரிலிருந்து கொணர்ந்த துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்து வருகிறார். ‘இதை மான் வேட்டைக்கு உதவுமாறு ஆக்கித் தரவேண்டும்’ என்பது அவர் வேண்டுகோள். நல்ல கம்மியர் உடனே அரத்தை எடுப்பதில்லை. கொழுப்பைத் துடைத்து, கூட்டின்மேல் பொறித்துள்ள எழுத்தையும் எண்ணையும் ஆண்டையும் படிக்கிறார். இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் செக்கோஸ்லோவாகியாவின் புர்னோ நகரில் செய்தவையும், 1909ஆம் ஆண்டு வடிவமாக அர்ஜென்டினாவுக்கென்று பெர்லினில் செய்தவையும் அவர் முகத்தை மலரச் செய்யும். அமைதிக் காலத்தில், அவசரமின்றி, மெருகுடன் செய்யப்பட்டவை அவை. 1944, 1945 என்னும் ஆண்டுகளைக் கண்டால் அவர் உருப்பெருக்கியைத் தேடுவார். தோற்றுக்கொண்டிருந்த ஜெர்மனி விரைந்து செய்த உறுப்புகளில் கடைசல் தடங்கள் அப்படியே நிற்கும். அவற்றைக் கடைந்த கைகள் எல்லாம் கூலிக்குக் கடைந்த கைகளும் அல்ல. ஆஸ்திரியாவின் குசென் வதைமுகாமில் கைதிகள் துப்பாக்கி உறுப்புகள் செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். அச்சிறு குறியீட்டைப் படிக்கத் தெரிந்த கம்மியர் சிலர் அத்தகைய துப்பாக்கியில் கைவைக்க மறுப்பதுண்டு; வேறு சிலர் எஃகுக்குப் பாவமில்லை என்று வேலையைத் தொடர்வதுண்டு. இருவரையும் குறைகூற முடியாது. ஆனால் படிக்காமலே அக்குறியை அராவித் தள்ளுபவனைக் குறைகூறலாம்.

வந்தது ஸ்பிரிங்ஃபீல்டாக இருந்தால் அவர் முதலில் நோக்குவது வரிசை எண்ணை. இதன் பின்னணி மாணவர்கள் யாவரும் அறிய வேண்டிய ஒன்று. 1917இல், அமெரிக்கா முதல் உலகப்போரில் நுழைந்த வேளையில், சில ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளின் இயக்கப்பகுதிகள் சுடும்போது சிதறின. கண்ணாடி உடைவதுபோல எஃகு உடைந்தது. ஆராய்ந்தபோது குற்றம் உலைக்களத்தில் இருப்பது புலனாயிற்று. எஃகு அடிப்பதற்குரிய சூட்டை அடைந்ததா என்பதை அனுபவம் முதிர்ந்த தொழிலாளர்கள் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்துவந்தனர். வானம் மூடியிருந்த நாளில் அவர்கள் கணிப்புச் சரியாக இருந்தது. வெயில் பளிச்சிட்ட நாளிலோ, வெளிச்சத்தில் எஃகின் செம்மை மங்கித் தோன்ற, இன்னும் சூடேறவில்லை என்று கருதி மேலும் காய்ச்சினர். வெப்பமானியைக் கொண்டு அளந்தபோது, ‘சரியான நிறம்’ என்று அவர்கள் சொன்ன சூடு, வெயில் நாளில் மந்தார நாளைவிட 300 பாரன்ஹீட் பாகை வரை கூடியிருந்தது. எஃகு உள்ளுக்குள் கருகிப்போயிற்று. வெளித்தோற்றத்தில் ஒரு வேறுபாடும் இல்லை.

அத்தொழிலாளர்கள் சோம்பேறிகள் அல்லர், அறியாதவர்களும் அல்லர். அவர்களுடைய திறமையில் யாருக்கும் ஐயம் எழாமையே கேடாக முடிந்தது. பின்னர் உலைகளில் வெப்பமானிகள் பொருத்தப்பட்டன. எஃகைப் பதப்படுத்தும் முறையும் 1918இல் மாற்றப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டு சாலையில் செய்தவற்றுள் 800,000க்குக் கீழும், ராக் ஐலண்டு சாலையில் செய்தவற்றுள் 285,507க்குக் கீழும் எண் கொண்டவை ஐயத்துக்குரியவை என்பது அன்றுமுதல் நிலைத்த கருத்து. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு தீங்கும் இழைக்காமல் காலங்கழித்தவையே. எது நல்லது, எது கருகியது என்று வெளிப்பார்வையால் அறிய வழியில்லை என்பதில்தான் இடர் இருக்கிறது. எனவே, ‘என் தந்தை இருபதாண்டு இதனால் சுட்டாரே, ஒன்றும் ஆகவில்லையே’ என்று வந்தவர் வாதிட்டாலும், மனசாட்சியுள்ள கம்மியர் அதனைத் துணியில் திரும்பச் சுற்றிக் கொடுத்துவிடுவார். கிடைக்கவிருந்த கூலி போய்விடும்; வந்தவர் வேறொரு பட்டறையைத் தேடிச் செல்வார் என்பதும் அவருக்குத் தெரியும்.

மௌசரின் எஃகு இதற்கு மாறான இயல்புடையது. உள்ளே மென்மையும் உறுதியும் கொண்ட எஃகு. மேற்பரப்பில் மட்டும் கரியூட்டிக் கடினமாக்கிய மெல்லிய தோல். அளவுகடந்த அழுத்தம் நேர்ந்தால் அது சிதறுவதைவிட நெளிந்து கொடுக்கவே முனையும். ஆனால் இந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. இரு முளைகளும் சமமாகப் பதிய வேண்டும் என்று உராய்வுப்பொடி இட்டுத் தேய்ப்பது வழக்கம். ஆர்வம் மிகுந்து சற்றே கூடுதலாகத் தேய்த்தால் அம்மெல்லிய தோல் போய்விடும். அதன்பின் ஒவ்வொரு வெடியிலும் முளை மெல்ல மெல்ல உள்ளமுங்கி, தாழ் பின்வாங்கிக்கொண்டே வரும். பட்டறையில் பளபளத்த வேலை, இரண்டாண்டு கழித்துத் தன் குற்றத்தை வெளிக்காட்டும். மற்றோரிடமும் உண்டு. மௌசரின் படைத்தோட்டாவுக்குப் பித்தளைக் கூட்டின் நீளம் 57 மில்லிமீட்டர். அமெரிக்கர் விரும்பும் முப்பது நாட்டாறு தோட்டாவுக்கு 63. நீண்ட தோட்டா நுழையத் தோட்டாப் பேழையின் முன்பக்கத்தையும் அதனை அடுத்த சரிவையும் அராவ வேண்டும். அச்சரிவின் மேற்பக்கத்தில்தான் கீழ்முளை பதியும் சுவர் இருக்கிறது. அளவு மீறி அராவுபவன், வாயில் அகலவேண்டும் என்று தூணை இடிப்பவனை ஒப்பான்.

மற்ற மாற்றங்களை விரைந்து சொல்லிவிடலாம். நேராக நீட்டிக்கொண்டிருக்கும் பழைய கைப்பிடி, மேலே பொருத்தும் தொலைநோக்கியில் இடிக்கும்; அதனை வெட்டிக் கீழ்நோக்கி வளைத்து ஒட்டுவர். ஒட்டும் சூடு முளைகளை எட்டினால் அவற்றின் பதம் கெடும் என்பதால் ஈரத்துணியோ சூட்டை உறிஞ்சும் களிம்போ சுற்றுவர். கொடிபோல் மேலெழுந்து திரும்பும் காப்பு நெம்பும் தொலைநோக்கிக்குத் தடை. பக்கவாட்டில் இயங்கும் ஒன்று அதன் இடத்தைப் பெறும். படைத்துப்பாக்கியின் விசை ஈரிழுப்பு விசை. அதற்கு மாற்றாகத் தெளிவாக விடுபடும் ஒற்றை இழுப்பு விசை வரும். தொலைநோக்கிக்கென்று கடினத் தோலில் துளையிட்டு மரை வெட்டும்போது மரையுளி முறிவதும், முறிந்த துண்டை எடுக்க ஒரு நாள் போவதும் இத்தொழிலின் அன்றாடத் துயரங்கள்.

பின்னர்ப் புதிய குழல். தோட்டா அமரும் அறையைக் கம்மியர் ஒரே மூச்சில் குடைவதில்லை. சிறிது குடைந்து, சீவல்களைத் துடைத்து, இரண்டு உருக்கு அளவுகோல்களை மாறிமாறி இட்டுப் பார்ப்பார். முதலாவதை இட்டால் தாழ் மூட வேண்டும். இரண்டாவதை இட்டால் மூடக்கூடாது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கே. அறை அதைவிட ஆழ்ந்தால் வெடியின்போது பித்தளைக் கூடு நீண்டு அறுபடும். தீவளி பின்னோக்கிப் பாயும். மௌசர் இட்ட துளைகளுக்கு அன்றுதான் வேலை.

இரும்பு வேலை முடிந்தபின் தச்சரின் காலம். வால்நட் மரத்தை ஆண்டுக்கணக்கில் உலர்த்தியே எடுக்க வேண்டும், ஈரம் எஞ்சினால் மரம் பின்னர் முறுகிக் குழலைத் தள்ளும், குறி தவறும். கை பற்றும் ஒடுங்கிய இடத்தில் ரேகைகள் நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் அதிர்ச்சியில் அங்கேதான் ஒடியும். எவ்வளவு அழகிய ரேகையாக இருந்தாலும் அவ்விடத்தில் குறுக்காக அமைந்தால் தச்சர் அக்கட்டையை ஒதுக்கிவிடுவார். உலோகத்தை மரத்தில் பதிக்கும் முறை பொறுமைக்கு ஒரு தவம். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து உலோகத்தின்மேல் மெல்லப் பூசி, மரத்தின் குழிவில் வைத்து எடுப்பர். எங்கே கரி ஒட்டியதோ அங்கே மட்டும் ஒரு சீவல், தாளைவிட மெல்லிய சீவல். மீண்டும் பூச்சு, மீண்டும் வைப்பு, மீண்டும் சீவல். நூற்றுக்கணக்கான முறை இவ்வாறு செய்தபின், மரமும் எஃகும் ஒன்றிலிருந்து மற்றொன்று முளைத்தாற்போல் இடைவெளியின்றிப் பொருந்தும். ஆளின் கழுத்து நீளம், தோளின் அகலம், கையின் அளவு ஆகியவற்றுக்கேற்ப மரப்பிடியின் நீளமும் சாய்வும் அமையும். படைத்துப்பாக்கி எவனோ ஒருவனுக்காகச் செய்யப்பட்டது. இது இவனுக்காக மட்டும் செய்யப்படுகிறது. நேரே பார்க்கும் நிலையில் துப்பாக்கியை ஏந்தி, கண்ணை மூடித் திறந்தால் பார்வை தொலைநோக்கியின் நடுவே இருக்க வேண்டும் என்பது தச்சர் வைக்கும் தேர்வு.

இறுதியில் நிறமூட்டல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. துருப்பிடியாமல் இருப்பதற்காகவே துருவேற்றுகிறார்கள். அமிலக்கரைசல் பூசிய குழலை ஈரக்காற்றில் தொங்கவிட்டால் செந்துரு படரும். தூய நீரில் கொதிக்கவைத்தால் அச்செந்துரு கருமையாக மாறும். மென்கம்பித் தூரிகையால் உதிரிகளைத் துடைத்துவிட்டு மறுபடியும் துருவேற்றுவர். இவ்வாறு ஆறேழு முறை செய்தபின் ஆழ்ந்த கருநீலம் நிலைக்கும். அளவோடு வந்த துரு, பின்வரும் துருவுக்கு அணையாகிறது.

இவ்வளவும் செய்தபின் நான்கு கிலோவுக்கு மேலிருந்த நெட்டைத் துப்பாக்கி எடை குறைந்து, காட்டுவழியில் நாள் முழுதும் சுமக்கத் தக்கதாகிறது. ஆயினும் அண்மைக் காலத்தில் இத்தொழிலுக்கு எதிராக ஒரு குரல் வலுத்துவருகிறது. தொகுப்பாளர்களும் வரலாற்று ஆர்வலர்களும், ‘நீங்கள் அழகுபடுத்தவில்லை, சான்றுகளை அழித்தீர்கள்’ என்கின்றனர். பெட்டி பெட்டியாகக் கிடந்த காலத்தில் மதிப்பற்றவையாகத் தோன்றியவை இன்று அரிய பொருள்கள். மாற்றாமல் விடப்பட்டவற்றின் விலை ஏறியிருக்கிறது; பின்கட்டில் அரைகுறையாக வெட்டப்பட்டவை மலிவாகக் கிடக்கின்றன. அவற்றை வாங்கிப் பழைய வடிவில் புதிய மரம் பொருத்தி மறுபடியும் படைத்துப்பாக்கியாக்க முயல்வோரும் உளர். வெட்டிய குழலை நீட்டவும், அராவிய முத்திரையை மீட்கவும் அவர்களால் இயலவில்லை.

இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. கிரிஃபினைப் போன்றோர் கையில் மாறியவை கலைப்பொருள்கள் என்பதை எதிர்ப்போரும் மறுப்பதில்லை. பின்கட்டில் வெட்டியவனோ கலைக்காகவோ அழிவுக்காகவோ வெட்டவில்லை. குளிர்காலத்துக்கு முன் வீட்டில் இறைச்சி சேர வேண்டும் என்பதற்காக வெட்டினான். அவனிடம் இருந்தது ஓர் அரமும், ஒரு வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசும். பிற்காலத்தார் அருமை பாராட்டுவர் என்று அவன் எவ்வாறு எண்ணியிருக்க முடியும்? இருப்பினும், வெட்டுமுன் அதன் எண்ணையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்தவர்களும் சிலர் இருந்தனர். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

எத்துணைத் திறமையாக மாற்றினாலும் மௌசர் கூட்டின் இடப்பக்கச் சுவரில் ஒரு பிறைவடிவப் பள்ளம் இருக்கும். ஐந்து தோட்டாக்கள் கோத்த பட்டையைப் போர்க்களத்தில் ஒரே அழுத்தாகப் பேழைக்குள் இறக்கும்போது படைவீரனின் கட்டைவிரல் செல்வதற்காக வெட்டப்பட்டது அது. வேட்டைக்கு அதனால் பயனில்லை. கம்மியர் சிலர் எஃகு இட்டு அதனை நிரப்பி மறைத்துவிடுகின்றனர். பெரும்பாலோர் அப்படியே விட்டுவிடுகின்றனர். விடியற்காலைக் குளிரில், காட்டின் விளிம்பில் நின்று, வேட்டைக்காரன் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே அழுத்துகிறான். அவனறியாமலே அவன் கட்டைவிரல் அப்பள்ளத்தில் சென்று பொருந்துகிறது.